அந்த டிரைவுக்கு நெற்றி எது

நேற்றுக் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறி, அடையாள அட்டைக்காகக் கைப்பையைக் குடைந்தபோது ஒரு ரப்பர் கையில் அகப்பட்டது. பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண வெள்ளை ரப்பர். ஒரு மூலை மட்டும் சிவந்திருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேசாகச் சந்தன வாசனை வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப் பெண், "ஸ்கூல் போற பசங்க இருக்காங்களா மேடம்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிப் பையை மூடினேன். என் பிள்ளை வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த ரப்பர் என் பைக்கு வந்த கதையை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீயோ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அதனால் என்ன, எழுதுகிறேன். நீ இருந்தபோது மட்டும் என்னைப் பேச விட்டாயா? நீ பேசினாய், நான் கேட்டேன். இப்போது என் முறை.

அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது உன் சீட். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, அவளுக்கு என்ன தெரியும். மாமல்லபுரத்தில் பஸ் கிளம்பும்போதே நீ ஏறி, இடது பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் உன் சாப்பாட்டுப் பையைப் போட்டுவிடுவாய். திருக்கழுக்குன்றத்தில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் கேட்டாலும் பை நகராது. செங்கல்பட்டில் நான் ஏறினால்தான் அது உன் மடிக்குப் போகும். "ஆள் வருது" என்று நீ போட்ட அதட்டலில் ஒரு முறை எங்கள் மேனேஜரே மறைமலைநகர் வரை நின்றுகொண்டு வந்தார். பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனோம். நான் டெஸ்பாட்ச்சில், பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டி லாரி ஏற்றிவிடுகிற வேலை. நீ சிஸ்டம்ஸில், யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் ஸ்க்ரூடிரைவர் பெட்டியோடு வந்து நிற்கிற ஆள். அந்தப் பெட்டி உன் சாப்பாட்டுப் பையில் ஊறுகாய் டப்பா பக்கத்திலேயே இருக்கும்.

வந்து நின்றதும் நீ முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "கடைசியா இன்னா தொட்ட?"

ஒன்றும் தொடவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "தொடாம எப்டிடி கெடும்? சொல்லு, திட்ட மாட்டேன்" என்பாய். சொன்ன பிறகு திட்டுவாய்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்து வேலைக்கு வந்தால், ஸ்டிக்கரைப் படிக்கிற என் ஸ்கேனர் ஒரு பெட்டியைக்கூடப் படிக்கவில்லை. வெளியே இரண்டு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. நீ வந்து, கேள்வியைக் கேட்டு, ஸ்கேனரைத் திருப்பிப் பார்த்தாய். அதன் கண்ணாடி மேல் ரூபாய் அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். பயபக்தியோடு வைத்தது நான்தான். "அடிப்பாவி, கண்ணுலயே வெச்சிருக்கியே! அதுக்கு நெத்தி இல்லியா?" என்று நீ சிரித்த சிரிப்பில் லாரி டிரைவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பூஜைக்கும் முதல் நாள் எனக்குப் போன் வரும். "நெத்தில வெய்யி, தாயே."

சிரிக்கிற கதையை முதலில் சொல்லிவிட்டேன். சிரிக்க முடியாததும் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியும். நீயும் நானும் அதைப் பற்றி மறுபடி பேசினதே இல்லை.

உன் மகளுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, அவள் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரைக்குமான படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தாய். பழைய போன் செத்துக்கொண்டிருக்கிறது, இதில் மாற்றிவிட்டேன், செங்கல்பட்டு ஸ்டுடியோவில் நாலு படம் மட்டும் பிரிண்ட் போட்டு வா என்றாய். எந்த நாலு என்று தேர்ந்தெடுக்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைச் செருகினேன். ஃபார்மேட் செய்தால்தான் இதைத் திறக்க முடியும், செய்யட்டுமா என்று திரையில் கேட்டது. ஃபார்மேட் என்றால் எல்லாவற்றையும் அழிப்பது என்று தெரியாமல், மரியாதையாகக் கேட்கிறதே என்று சரி என்று அமுக்கினேன். அதோடு விட்டேனா? காலியாக இருக்கிறதே என்று டெஸ்பாட்ச் ஃபைல்களையும் அதில் ஏற்றி வைத்தேன். நீ இரண்டு சாயங்காலம் என்னென்னவோ போட்டுத் தோண்டினாய். பாதி முகமும் ஒரு பச்சைக் கோடும்தான் வந்தன. பழைய போன் அதற்குள் செத்தே போயிருந்தது.

மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. ஆனால் மூன்று நாளும் சீட்டில் பையைப் போட்டுவைத்திருந்தாய். நாலாம் நாள் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"வுடு. புள்ள வூட்ல தான கீது. வேற போட்டோ எடுத்துக்கலாம்."

நான் பஸ் என்றும் பாராமல் அழுதேன். "சீ, மூக்கத் தொடச்சிக்க. பாக்கறவங்க நான்தான் அடிச்சேன்னு நெனைக்கப் போறாங்க" என்றாய். அதோடு முடிந்தது. முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு உன் பேச்சில் ஒரு சட்டம் சேர்ந்தது. "ரெண்டு எடத்துல கீதா, அப்பதான் கீது. ஒரே எடத்துல கீதுன்னா அது இல்ல." போன ஆடிக்கு முந்தின ஆடியில் உன் லேப்டாப்புக்கு இரண்டாவதாக ஒரு டிரைவ், எஸ்.எஸ்.டி. என்று ஒன்று, வாங்கி வந்தாய். சூயிங்கம் பட்டை நீளம் இருந்தது, இதிலா இத்தனை படம் போகும் என்று கேட்டேன். கேன்டீன் மேஜையில் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுப் பிரித்தாய். நான் டார்ச் பிடித்தேன். கழற்றின ஸ்க்ரூவையெல்லாம் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து, "ஒண்ணு தொலஞ்சிது, உன்னத் தொலைச்சிருவேன்" என்றாய். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தாய். முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கு. அப்புறம் டிரைவின் முனையில் தங்கப் பல்லு மாதிரி வரிசையாக இருக்கிற பக்கத்தைச் சாய்வாகச் செருகு. செருகினதும் மறு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், பயப்படாதே, அதை அமுக்கி ஸ்க்ரூ போடு. மூடின பிறகு, விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற பயாஸ் பக்கத்தில் பார். "அங்கயே தெர்லன்னா விண்டோஸ திட்டி இன்னா பிரயோஜனம்?" தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். இது எனக்கு எதற்கு என்று அன்று நினைத்தேன்.

தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பஸ் செங்கல்பட்டுக்கு வந்தபோது மூன்றாவது வரிசையில் பை இல்லை. டிரைவர் அண்ணன் என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விடியக்காலையில் நெஞ்சு வலித்ததாம், ஆஸ்பத்திரி வாசல் வரைதான். நாற்பத்தாறு வயசு. நான் அங்கேயே இறங்கி உன் ஊருக்குப் பஸ் பிடித்தேன்.

உன் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அதில் இருந்தது உன் ஆதார் போட்டோ. பெரிதாக்கினதில் உன் முகம் கரிந்துபோய், ஒரு கண் மூடினாற்போல, யாரோ திருட்டுக் கேசில் பிடித்து உட்காரவைத்த மாதிரி இருந்தது. அந்தப் போட்டோவை நீ எவ்வளவு வெறுத்தாய் என்று எனக்குத்தானே தெரியும். ஒரு நாள் பஸ்ஸில் அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "எனக்குன்னு ஒண்ணு ஆச்சுன்னா இத மாட்டிடாதீங்கடி, எழுந்து வந்து கிழிப்பேன்" என்றாய். நீ எழுந்து வரவில்லை. நான் அந்த பேனருக்குக் கீழே நின்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வேறு படம் இல்லையா என்றால், இல்லை. எல்லோரையும் படம் எடுத்தது நீ. என் போனில் நீ இரண்டே இடத்தில் இருக்கிறாய். ஒன்றில் வாய் நிறைய சோறு, இன்னொன்றில் பாதி காது. ஆபீஸ் குரூப் போட்டோவில் உன் தலை கடுகளவு. உன் போனில் நிறைய இருந்தது, அதன் பூட்டு யாருக்கும் தெரியவில்லை. உன் வீட்டுக்காரர் பூட்டை எடுக்கச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தார். பூட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நீ சொன்ன இரண்டு இடத்தில் ஒன்று அப்படிப் போனது.

மார்கழியில் உன் மகள் வேலூர் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். நர்சிங் இரண்டாம் வருஷம், குரல் அப்படியே உன் குரல், "அத்தை" என்றதும் ஒரு நொடி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா வருஷ திதிக்குப் படம் மாட்டறாங்க அத்தை. அப்பா அந்த ஆதார் போட்டோவையே ஃபிரேம் போடக் குடுத்துட்டாரு. அது மட்டும் வேணாம். அம்மா லேப்டாப்ல ரெண்டாவதா ஒரு டிரைவ் இருக்கும் இல்ல, அதுலதான் எல்லாம் இருக்கு. தீபாவளி லீவுல பாத்தேன், டி டிரைவே காணோம். கடைக்கு எடுத்துட்டுப் போகலாம்னா அப்பா விடல. கடைன்னாலே பயப்படறாரு. நீங்க ஒரு தடவை பாக்கறீங்களா?"

நானா? ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டால் சரி என்று அமுக்குகிற நானா? ஆனால் யார் இருக்கிறார்கள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். வீடு அப்படியேதான் இருக்கிறது, உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி இன்னும் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது. வாசலில் ஆட்டோ நின்றது. உன் வீட்டுக்காரர் சவாரிக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். இளைத்துவிட்டார். "வா தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, உன் லேப்டாப்பையும் ஸ்க்ரூடிரைவர் பெட்டியையும் பாயில் கொண்டுவந்து வைத்தார். பெட்டியைத் திறந்தேன். ஊறுகாய் வாசனை அடித்தது. 

அப்புறம் நீ செய்கிற வரிசையில் செய்தேன். லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தேன். சி டிரைவ் இருக்கிறது, டி இல்லை. அணைத்துவிட்டுப் பயாஸுக்குள் போனேன். அங்கேயும் ஒரே டிரைவ்தான் தெரிந்தது. ஆக விண்டோஸைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, பிரிக்கத்தான் வேண்டும். டிபன் பாக்ஸ் மூடி கேட்டேன். அவர் டார்ச் பிடித்தார். அடிப்பக்கத்து மூடியைக் கழற்றி, பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, உன் இரண்டாவது டிரைவைப் பார்த்தேன். கடலோர வீடு, உப்பு அரித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் டிரைவின் மறு முனையில் இருந்த ஸ்க்ரூ வேறாக இருந்தது. நீளமாய், தலை பெரிதாய், பாதிதான் இறங்கியிருந்தது. நீ அப்படிப் போடுகிறவளா?

அதைக் கழற்றி டிரைவை உருவினேன். அந்தத் தங்கப் பல்லு வரிசை முழுவதும் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் சிவப்பு. மோந்து பார்த்தேன்.

டார்ச் வெளிச்சம் ஆடியது.

"அண்ணா," என்றேன், "கடைசியா இதுல இன்னா தொட்டீங்க?"

அவர் டார்ச்சைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். ஆட்டோ கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். நானும் எழுந்துபோய் நிலைப்படியில் நின்றேன். முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொன்னார்.

"ஆயுத பூஜ அன்னிக்கு தங்கச்சி. சாவு வுழுந்த வூடு, வருஷம் முடியற வரைக்கும் பண்டிக கெடயாதுன்னு எங்க அண்ணன் சொல்லிட்டான். ஆட்டோவுக்கே ஒண்ணும் வெக்கல. ஆனா அது இருந்த வரைக்கும் வருஷா வருஷம் அன்னிக்கு இத தொறந்து, பிரஷ்ஷு போட்டுத் தொடச்சி, மூடி, பொட்டு வெக்கும் இல்ல? இந்த வருஷம் சொம்மா கெடக்குதேன்னு மனசு கேக்கல. கதவ சாத்திக்கினு நானே தொறந்தேன். தொடச்சேன். இத அதுவே வாங்கியாந்து ஆசையா மாட்டுச்சேன்னு, இத மட்டும் வெளிய எடுத்துப் பொட்டு வெச்சேன். மறுபடி மாட்டறப்ப ஒரு ஸ்க்ரூ எங்கயோ ஓடிப் போச்சி."

"பல்லு மேலயா வெச்சீங்க?"

"பொன்னாட்டம் பளபளன்னு இருந்துச்சி. அதான் அதுக்கு நெத்தின்னு நெனச்சேன்." அப்புறம் குரல் இறங்கிப்போனது. "வெக்கக் கூடாத வருஷத்துல வெச்சேன். சாமிக்குத்தம் ஆயிடுச்சி. மொதல்ல போனு, இப்ப இது. அது வெச்சிட்டுப் போனதயெல்லாம் நான்தான் ஒவ்வொண்ணா அழிச்சிகினு வரேன். பாப்பாகிட்ட சொல்ல வாய் வரல தங்கச்சி."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. போனைக் கொடுத்துத் துடைத்துக்கொண்டு வந்த மனுஷன், இதையாவது சும்மா வைத்திருக்கக் கூடாதா? உனக்குத்தான் என் வாய் தெரியுமே. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அவர் திரும்பினார். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். உன் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நான் போட்டுக்கொண்டிருந்த முகம்.

அந்த நேரத்தில் எனக்கு டிரைவ் திரும்பி வருமா என்று தெரியாது. வராது என்றுதான் பாதி மனசு சொன்னது. உன் படம் இனி அந்தத் திருட்டுக் கேஸ் போட்டோ ஒன்றுதான் என்றால், புதிதாக எடுக்க நீ வீட்டில் இல்லை. நீ எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு சொல்லை எடுத்தேன். வாயில் கல்லை உருட்டின மாதிரி இருந்தது.

"வுடுங்கண்ணா. ஆசையாத்தான வெச்சீங்க. நான் ஸ்கேனர் கண்ணுலயே வெச்சவ."

ஸ்கேனர் கதையைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. "நீதானா அது!" என்றார். உன் வீட்டில் என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு வேறாகி, சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு ரப்பர் வாங்கிவந்தேன். ஆபீஸில் நீ இதே மாதிரிப் பல்லுக்காரச் சமாச்சாரங்களை ரப்பரால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். உன் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து முதலில் ஊறவைத்தேன். சந்தனம் இளகி வந்தது. பிறகு ரப்பரால் ஒரே திசையில், அழுத்தாமல். அப்புறம் மறுபடி ஸ்பிரிட். பல் ஒவ்வொன்றாக வெளியே வந்து பளிச்சென்றது. செருகி, சரியான ஸ்க்ரூ ஒன்றைப் பெட்டியில் தேடிப் போட்டு, மூடி, பயாஸைத் திறந்தேன். இரண்டாவது டிரைவின் பெயர் இருந்தது. உன் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விண்டோஸ் வந்தது. டி டிரைவ் வரவில்லை. டிஸ்க்குகளைக் காட்டுகிற அந்தப் பக்கத்தைத் திறந்தேன், நீ காட்டிக் கொடுத்ததுதான். திறந்த உடனே நடுத்திரையில் ஒரு கட்டம். இந்த டிஸ்க் புதிதாக இருக்கிறது, தயார் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா? கீழே சரி என்று ஒரு பட்டன், அதன் மேல் நீலமாக வெளிச்சம்.

அதே மரியாதையான கேள்வி. ஏழு வருஷம் கழித்து என்னைத் தேடிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்திருக்கிறது. அண்ணன், "கேக்குது பாரு தங்கச்சி, சரின்னு போடு" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும், அன்றைக்கு எனக்குத் தெரிந்ததுதான். நான் அந்தப் பட்டனிடமிருந்து விரலை எடுத்து வேண்டாம் என்பதை அமுக்கினேன். அது புதுசு இல்லை. அதில் நீ இருக்கிறாய். தனக்குப் படிக்க முடியாததைக் கம்ப்யூட்டர் புதுசு என்றுதான் சொல்லிக்கொள்ளும்.

மறுபடி அணைத்து, மறுபடி பிரித்தேன். டிரைவைத் துடைத்தோம், சரி. அது போய் உட்கார்ந்திருந்த இடம்? டார்ச்சைக் கிட்டே பிடிக்கச் சொல்லி ஸ்லாட்டுக்குள் பார்த்தால், உள்ளே மூலையில் குங்குமம் தூளாக அடைந்திருந்தது. உன் சின்ன பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டு, தட்டித் தட்டி எடுத்தேன். காய வேண்டுமே. அண்ணன் போய் டீயும் வடையும் வாங்கிவந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றோம். டீ ஆறிப்போனது, குடித்தோம்.

இந்தத் தடவை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. டி என்று ஒரு எழுத்து, அமைதியாக, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றது. திறந்தேன். உன் வரிசை வரிசையான ஃபோல்டர்கள். வருஷம் வருஷமாக, பெயர் போட்டு. அண்ணன் என் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

உன் படத்தைத்தான் தேடினேன். ஆனால் முதல் வரிசையிலேயே ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. 'பாப்பா பழசு.'

பழசு ஏது? பழசைத்தான் நான் அழித்துவிட்டேனே. திறந்தேன். அறுபத்து மூன்று படங்கள். ஒவ்வொன்றுக்கும் நீ பெயர் எழுதியிருந்தாய். 'சின்ன நாத்தனார் போன்.' 'பால்வாடி டீச்சர் குடுத்தது.' 'எதிர் வூட்டுக் கல்யாண வீடியோல புடிச்சது.' அந்தக் கடைசிப் படத்தில் மணமக்கள் கால்மாட்டில், ஓரத்தில், ஒரு இரண்டு வயதுக் குழந்தை ஜாங்கிரியோடு நிற்கிறது. முகம் கலங்கல். அதைக்கூட விடாமல் எடுத்திருக்கிறாய். கடைசியாகச் சேர்த்த படத்தின் தேதியைப் பார்த்தேன். நீ போவதற்கு இரண்டு மாதம் முன்னால். கார்த்திகை மாதம் வரைக்கும் யார் யாரிடமோ போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். ஆறு வருஷமாக தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதேண்ணா" என்றேன்.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிச்சி. 'அதுக்குத் தெரிஞ்சா பஸ்ஸுல ஒக்காந்து அழும்'னு."

அழுதேன். பஸ் இல்லை, உன் வீட்டுப் பாய். 'வுடு' என்று நீ ஒரே நொடியில் சொல்லிவிட்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உனக்கென்ன, பெரிய மனசு, வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி இல்லை. வலியை நீ வைத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டிருக்கிறாய். காலையில் அந்த ஒரு சொல்லை நான் அண்ணனிடம் சொல்ல என்ன பாடு பட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். நீ அதைச் சொன்னபோது வயிற்றில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உன் படம் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை, உன் மகள் எடுத்தது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாய். முன்னால் இதே லேப்டாப் வயிறு திறந்து கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, யாரோ என்னவோ சொல்ல, நிமிர்ந்து பார்த்துக் கண் இடுங்கச் சிரிக்கிறாய். அண்ணன் திரையைத் தொட்டார். "இதான்" என்றார்.

மூடுவதற்கு முன்னால் தயங்கித் தயங்கிக் கேட்டார். "திருப்பி ஒரு பொட்டு வெக்கலாமா தங்கச்சி? எங்க வெக்கிறதுன்னு நீயே காட்டு." மேல் மூடியின் நடுவைக் காட்டினேன். "இதாண்ணா நெத்தி." மோதிர விரலால் சின்னதாக, சுத்தமாக வைத்தார். பாயில் கிடந்த ரப்பரை நான் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திதி அன்று அவருடைய அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "வாயில ஸ்க்ரூடிரைவரோட யாராச்சும் படம் மாட்டுவாங்களா?" என்று சத்தம் போட்டார். உன் வீட்டுக்காரர் நாற்காலி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டே சொன்னார். "என் பொண்டாட்டி அப்டித்தான் இருந்தா. மால எடு." மாலை போட்டதும் ஸ்க்ரூடிரைவர் பாதி மறைந்தது, சிரிப்பு மறையவில்லை. ஆதார் போட்டோவுக்குப் போட்ட ஃபிரேமிலேயே இந்தப் படத்தை மாற்றிவிட்டோம். பழையதைக் கிழித்தது நான். உன் சார்பாக.

அன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் மகள் என்னிடம் ஒரு புது பென் டிரைவைக் கொடுத்தாள். எல்லாப் படமும் அதில் இருக்கிறது, அவளுடைய பழைய அறுபத்து மூன்றும் சேர்த்து. "ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை. ரெண்டு இடத்துல இருக்கணும் இல்ல."

எனக்குக் கை நீளவில்லை. "என்கிட்டயா? உனக்கு ஒரு விஷயம் தெரியாதுடி கண்ணு, முன்னாடி ஒரு தடவை நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்," என்றாள். "அம்மா சொல்லியிருக்காங்க. அதனாலதான் உங்ககிட்ட. நீங்கதான் பத்திரமா வெச்சிப்பீங்க."

அது என் பீரோவில், பட்டுப்புடவைக்கு நடுவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் எடுத்துச் செருகி, எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். திரையில் எது என்ன கேட்டாலும் வேண்டாம் என்றுதான் அமுக்குகிறேன். முதலில் உன் ஃபோல்டரைத் திறக்கிறேன், அப்புறம் அந்தக் குழந்தையுடையதை. அறுபத்து மூன்றையும் எண்ணிவிட்டுத்தான் மூடுகிறேன்.

நேற்று மத்தியானம் ஆபீஸில் அந்தப் புதுப் பெண் ஒரு வாரத்து டெஸ்பாட்ச் கணக்கைத் தெரியாமல் அழித்துவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. வாய் வரை வந்ததை விழுங்கினேன். "கடைசியா என்ன தொட்ட?" என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். "விடு, உக்காரு, பாக்கலாம்" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தோம், பஸ் கிளம்பும் நேரம் வரைக்கும் ஆனது. உள்ளே எரிந்ததை அவளுக்குக் காட்டவில்லை.

இன்று காலை பஸ்ஸில் ஏறினால், மூன்றாவது வரிசையில் எனக்காகச் சீட்டில் அவள் பையைப் போட்டுவைத்திருந்தாள். அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். நான் உட்கார்ந்து, என் பைக்குள் கையை விட்டு அந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதை வைத்து நான் இதுவரை வேறு எதையும் அழிக்கவில்லை.